பெயர் ஒட்டிய ஐந்து பெட்டிகள்

1. வாளி

ஸ்காபரோவுக்குக் கிழக்கே, நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் ஒரு வேட்டைச் சாமான் கடையில் பல வருடங்கள் வேலை செய்தேன். இப்போதும் வாரத்தில் சில நாட்கள் போகிறேன். முதல் நாள் முதலாளி பிரையன் ஒரு வாளியை என் முன்னால் வைத்து, அதற்குள் இருந்த வெற்றுத் தோட்டாக் கோதுகளை அளவு வாரியாகப் பிரிக்கச் சொன்னார். யுத்த காலத்தில் ஊரில் எங்கள் வளவில் சும்மா கிடந்த சாமான் அது. அப்போது அதைப் பொறுக்குவதற்கு யாரும் மணித்தியாலச் சம்பளம் தரவில்லை.

அதற்கு முன் ஒரு காப்புறுதிக் கம்பனியில் கணக்குப் பார்த்தேன். என்னை நிறுத்திய பிறகும் அவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள். பிரையன் என்னை எடுத்ததற்குக் காரணம், மனுவல்களை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்கும் ஒரே விண்ணப்பதாரி நான்தான் என்பது. அதனால் ரீலோடிங் கவுண்டரை என்னிடம் தந்தார். சுட்டு முடிந்த கோதின் அடியில் பொறி தட்டும் புதுப் பிரைமர் அடித்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே பாய்ந்து போகும் குண்டான சன்னத்தைப் புதிதாக இருத்தித் திரும்பவும் தோட்டாவாக்குவதுதான் ரீலோடிங். அதற்கான சாமான்களை விற்பதும், புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் என் வேலை.

கல்யாண வீடுகளில் எங்கே வேலை என்று கேட்டால் விளையாட்டுச் சாமான் கடை என்பேன். ஒருமுறை ஒரு அன்ரி, "அப்ப பட்மின்ரன் றாக்கெற் டிஸ்கவுண்டிலை எடுத்துத் தருவீரோ?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். வேறு கடையில், முழு விலைக்கு. உண்மையைச் சொல்வதைவிட அது மலிவு.

2. சாப்பாட்டு நேரத்துக் கதை

குகன் கவுண்டருக்கு வந்தது பனி கரைந்த ஒரு சனிக்கிழமை. நாற்பது வயது இருக்கும். என்னைக் கண்டதும் பிடிபட்ட ஆள்போல நின்றான்.

"அண்ணை, தமிழோ?"

"ஓம்."

"இஞ்சை என்னைக் கண்டதெண்டு ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ."

"நானே இஞ்சை நிக்கிறனெண்டு சொல்லுறேல்லை. நீர் பயப்பிடாதையும்."

வீடு விட்பியில், வேலை ஒஷாவாவில் லொறி திருத்தும் ஒரு கராஜில். துவக்கு லைசன்ஸ் கோர்ஸ் முடித்து ஒரு ரைபிளும் வாங்கிவிட்டான். ஏன் இந்த ஆசை என்று கேட்டேன்.

"வேலையிலை சாப்பாட்டு நேரம் அவங்கள் உதைத்தான் கதைப்பாங்கள் அண்ணை. பிரைமர் எண்டுவாங்கள், பவுடர் எண்டுவாங்கள். பத்து வருசமாச் சும்மா தலையாட்டிக்கொண்டு இருக்கிறன். கழுத்து நோகுது."

தோட்டா நிரப்பும் மெஷினான பிரெஸ் நான் எத்தனையோ விற்றிருக்கிறேன், அவற்றில் இவ்வளவு நேர்மையான காரணத்துக்காக விற்றது அதுதான். சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குத் தனியாகப் போய்ச் சுட்டுவிட்டு, மறுநாள் சாப்பாட்டு மேசையில் இரண்டு வார்த்தை பேசுவான் என்று நினைத்தேன்.

சில சனிக்கிழமைகள் வந்து பழகினான். கெட்டிக்காரன். நட்டு முறுக்குவதிலும் அளவு பார்க்கும் தொழில்காரன்.

"உது கறிக்குத் தூள் போடுறமாதிரி இல்லை. கண்மட்டத்துக்குப் போடேலாது" என்றேன்.

"எனக்குக் கறியும் வைக்கத் தெரியாது அண்ணை. அதாலை பழக்கம் கெடேல்லை."

மேசையில் ஒரு நேரத்தில் ஒரு மருந்துதான் இருக்க வேண்டும், மருந்து வந்த ரின்னிலேயே கடைசிவரை இருக்க வேண்டும் என்பதையும் சொன்னேன். கேட்டுத் தலையாட்டினான். தலையாட்டுவதில் அவனுக்குப் பத்து வருட அனுபவம் இருந்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை.

3. கழுவிய போத்தில்கள்

மான் சீசனுக்கு முந்திய சனிக்கிழமை போனில் ஒரு படத்தைக் காட்டினான். அவனுடைய பேஸ்மென்ற் மேசை. கழுவித் துடைத்த கண்ணாடிப் போத்தில்கள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றிலும் அச்சடித்த ஸ்ரிக்கர். எங்கள் வீடுகளில் எந்தச் சாமானும் வந்த டப்பாவில் இருப்பதில்லை. ஐஸ்கிறீம் டப்பாவைத் திறந்தால் கறிவேப்பிலை இருக்கும். மல்லித்தூள் இருக்கிற மாதிரி அந்தப் போத்தில்களில் வெடிமருந்து இருந்தது.

"எப்பிடி அண்ணை? வடிவா இருக்கென்ன?"

"ரின் எங்கை?"

"ரீசைக்கிளிங்கிலை போட்டாச்சு."

கோடையில் முதல் மருந்து கடையில் முடிந்துபோய், நான்தான் அவனுக்கு வேறொன்று விற்றேன். இரண்டும் ஒரே கறுப்புக் குருணி. கண்ணால் பிரிக்க முடியாது. ஆனால் ஒன்றுக்குச் சரியான அளவு மற்றதற்கு மிஞ்சிய அளவு. மிஞ்சினால் ரைபிள் சுடுபவனின் முகத்துக்கு முன்னாலேயே உடையும்.

"ஸ்ரிக்கர் ஒட்டினது மருந்து விடேக்கையோ, விட்ட பிறகோ?"

யோசித்தான். அவன் யோசித்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

"அடுத்த நாள். ஆனா எது எதெண்டு எனக்குத் தெரியும் அண்ணை. கிட்டத்தட்ட."

பிறகு அடுத்த படத்தைத் தள்ளிக் காட்டினான். அந்த மருந்தால் நிரப்பிய தோட்டாக்கள், ஐந்து பெட்டிகளில். நான்கின் மேல் அவனோடு வேலை செய்பவர்களின் பெயர்கள், ஃபோர்மன் டக் முதலில். ஐந்தாவது அவனுடையது.

"வாற வெள்ளிக்கிழமை மான் வேட்டைக் காம்ப்புக்குப் போறாங்கள் அண்ணை. வருசா வருசம் போறவங்கள். இந்த முறை நீயும் வா எண்டிட்டாங்கள். முதல்முதல் கூப்பிட்டிருக்கிறாங்கள், வெறுங்கையோட போறதே?"

நாளைக்கு வீட்டுக்கு வருகிறேன், அதுவரை எதையும் தொடவேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

4. சுத்தியல்

ஞாயிறு பின்னேரம் விட்பிக்குப் போனேன். சன்னம் கழற்றும் சுத்தியல் இரண்டும் ஒரு புது மருந்து ரின்னும் கொண்டுபோனேன். அந்தச் சுத்தியலின் தலைக்குள் தோட்டாவை மாட்டி நிலத்தில் அடித்தால் சன்னமும் மருந்தும் பிரிந்து வரும்.

"இதிலை ஒண்டையும் சுட ஏலாது குகன். மருந்து எதெண்டு நிச்சயமில்லை. வெடிச்சா ஒருத்தன்ரை கண் போகும்."

அவன் தன்னுடைய பெட்டியை முதலில் திறந்தான். இருவரும் நிலத்தில் இருந்து அடிக்கத் தொடங்கினோம். மேலே இருந்து அவன் மனைவி மலர் எட்டிப் பார்த்தாள்.

"என்ன உடைக்கிறியள்?"

"நிரப்பினதைக் கழட்டுறம்."

"அப்ப ஏன் நிரப்பினனீங்கள்?"

அவள் ரீ போடப் போனாள்.

குகனின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "பரவாயில்லை அண்ணை. புது ரின் இருக்குத்தானே. வெள்ளிக்கு முதல் எல்லாத்தையும் திருப்பி நிரப்பிப்போடுவன். பெட்டி, பேர் எல்லாம் அப்பிடியே இருக்கு."

ஓம் என்று சொல்லிவிட்டு நான் ரீ குடித்திருக்கலாம். ஆபத்து முடிந்துவிட்டது. ஆனால் நான் மனுவலைக் கடைசிப் பக்கம் வரை வாசிக்கிற ஆள்.

"உமக்கெண்டால் நிரப்பும். அவங்களுக்கு வேண்டாம். மற்றவன் நிரப்பின தோட்டாவை ஒருத்தனும் சுடமாட்டான். வாங்கி, தாங்க்யூ சொல்லி, மேசை லாச்சிக்கை போட்டிடுவாங்கள்."

அவனுடைய சுத்தியல் நின்றது.

"ஒருத்தருமோ?"

"ஒருத்தரும். ரீலோடிங்கிலை உதுதான் முதல் சட்டம்."

"முதல் சட்டமெண்டால் முதல் நாள் ஏன் சொல்லேல்லை?"

நியாயமான கேள்வி. கவுண்டருக்கு வரும் ஒவ்வொரு வெள்ளைக்காரனுக்கும் அதை முதல் நாளே சொல்வேன். இவனுக்குச் சொல்லவில்லை. ஏன் என்று அந்த நிமிடத்தில்தான் எனக்கே தெரிந்தது, தெரிந்த சூட்டோடு வாயாலும் வந்துவிட்டது.

"உமக்குக் குடுக்கிறதுக்கு ஆக்கள் இருக்குமெண்டு நான் நினைக்கேல்லை."

அவன் கோபிக்கவில்லை. "நீங்கள் நினைச்சதிலை பிழையில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த தோட்டாவை மாட்டினான். மிச்சம் முழுவதையும் அடித்து முடித்தோம். கழற்றிய மருந்தைப் பின்வளவுப் புல்லில் மெல்லியதாகத் தூவினோம். அதில் நைதரசன் உண்டு. அடுத்த வசந்தத்தில் அந்த மூலை நன்றாகப் பச்சை பிடித்திருக்கும். போய்ப் பார்க்க எனக்கு அழைப்பு வரவில்லை.

5. டக் கேட்டது

சீசன் முடிந்து ஃபோர்மன் டக் கடைக்குப் பிரைமர் வாங்க வந்தான். பெரிய உடம்பு, மெதுவான பேச்சு. குகனை எனக்குத் தெரியுமா என்று கேட்டான். தெரியும் என்றேன்.

காம்ப்புக்குப் போக இருந்த வெள்ளிக்கிழமை காலையில் குகன் போன் பண்ணிக் காய்ச்சல் என்றானாம். திங்கட்கிழமை சுகமாக வேலைக்கு வந்துவிட்டானாம். அவனுக்கு ஒரு கட்டில் ஒதுக்கி வைத்திருந்தார்களாம்.

"எங்களுக்கு ஏதோ செய்து கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தான். தோட்டாதான் என்று ஊகித்தோம். சுடமாட்டோம், அது உனக்கே தெரியும். ஆனால் அதை அடுக்கி வைக்கவென்று கபின் சுவரில் ஒரு பலகை அடித்து வைத்தோம். இதுவரை யாரும் எங்களுக்குச் செய்து தந்ததில்லை." பிரைமர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அவனுக்கு எங்களைப் பிடிக்காதா?"

அப்படி இல்லை என்றேன். மிச்சத்தை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தமிழிலும் தெரிந்திருக்காது.

அன்றைக்கே குகனுக்குப் போன் பண்ணி, பலகை அடித்த கதையைச் சொன்னேன்.

"அவங்கள் நல்ல பெடியள் அண்ணை. அப்பிடித்தான் சொல்லுவாங்கள்" என்றான். "நீங்கள் உள்ளதைச் சொன்னீங்கள். நீங்கள்தானே உதிலை தெரிஞ்ச ஆள்."

பிரெஸ்ஸைப் பிறம்ரனில் யாருக்கோ விற்றுவிட்டதாகவும் சொன்னான். மறுவருடமும் அவனைக் கூப்பிட்டார்கள். ஓவர்ரைம் என்று சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு கூப்பிடுவதை நிறுத்தினார்கள். கூப்பிடுபவனுக்கும் மானம் இருக்கும்.

புதிதாக இந்தக் கவுண்டருக்கு வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். சட்டங்களை எல்லோருக்கும் முதல் நாளே, ஒரே மாதிரி சொல்லுங்கள். ஆளைப் பார்த்து, இவனுக்கு இது தேவைப்படாது என்று எதையும் விடாதீர்கள். விட்டதைப் பிறகு சொல்லும்போது, ஏன் விட்டீர்கள் என்பதும் சேர்ந்து போய்விடும். மருந்தைப் பற்றி நான் சொன்னதற்கு இன்றைக்கும் வருத்தமில்லை. திரும்பவும் சொல்வேன், திரும்பவும் சுத்தியலோடு போவேன். ஆனால் தோட்டாவைக் கழற்றுவதோடு நிறுத்திவிட்டு ரீயைக் குடிப்பேன்.

போன மாதமும் டக் வந்தான். குகன் இப்போது மத்தியானச் சாப்பாட்டைத் தன்னுடைய காருக்குள் இருந்து சாப்பிடுகிறானாம். ஏன் என்று கேட்டால் பாட்டுக் கேட்கிறேன் என்கிறானாம்.