கம்ப்யூட்டருக்குத் தெரியாத என் பெயர்

மகனை வளர்ப்பதற்காக விட்ட லேப் டெக்னீஷியன் வேலைக்கு, ஒன்பது வருடம் கழித்துத் திரும்ப நினைத்தேன். என் கணவர் மலைக்கோட்டை பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவர். எனக்கு ரெஸ்யூம் செய்து தந்தவரும் அவர்தான். பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஓரமெல்லாம் பூ வேலை செய்து, என் பெயரையும் போன் நம்பரையும் அழகான படமாகவே மேலே வைத்திருந்தார்.

ஆன்லைனில் பல மருத்துவமனைகளுக்கு அனுப்பினேன். ஒருவரும் கூப்பிடவில்லை. இத்தனை வருடம் வீட்டில் இருந்தவளை யார் எடுப்பார்கள் என்று மனம் விட்டுப்போனது. கடைசியில் ஒரு மருத்துவமனைக்கு நேரிலேயே போய்க் கேட்டேன். அலுவலகத்தில் இருந்த பெண், என் மெயில் முகவரியை வைத்துத் தேடி, திரையை என் பக்கம் திருப்பினார்.

"பாருங்க மேடம், பேரு, போன் நம்பர் ரெண்டுமே காலியா இருக்கு. படமா போட்டா கம்ப்யூட்டருக்குப் படிக்கத் தெரியாதுங்க."

வீட்டில் சொல்ல மனமே வரவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் கணவரிடம் சொன்னேன்.

"உன் பேரு நல்லா தெரியணும்னுதான் அப்படிப் போட்டேன்" என்றார்.

"எனக்குத் தெரியும்ங்க" என்றேன்.

அன்றே பூவையெல்லாம் எடுத்துவிட்டு, சாதாரண எழுத்தில் வரிசையாக அடித்துக் கொடுத்தார். அதை மறுபடியும் அனுப்பினேன். பத்தே நாளில் அதே மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. இப்போது அங்கேதான் வேலை செய்கிறேன்.

இப்போதெல்லாம் யாருக்கு ரெஸ்யூம் அனுப்ப உதவினாலும், முதலில் அதைக் காப்பி செய்து நோட்பேடில் போட்டு, பெயரும் நம்பரும் எழுத்தாக வருகிறதா என்று பார்க்கிறேன். பதில் வராவிட்டால், வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள் என நானே முடிவு கட்டுவதில்லை. அவர்கள் நம்மை இன்னும் பார்க்காமலே இருக்கலாம்.

- மாலதி, ஸ்ரீரங்கம்