பஞ்சாலை போட்ட வளையம்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை வேர் கழுவியது. அம்பாங்கானில் எங்கள் வீட்டுச் சமையலறையில், புதன்கிழமை மாலை. செம்பனை என்ற எண்ணெய்ப் பனையின் வேரில் ஒட்டியிருந்த மண்ணை அம்மா பழைய டூத்பிரஷால் தேய்த்தார்.

"மீனுக்குக்கூட நான் இவ்வளவு பாடுபட்டதில்லடி."

அம்மா பெயர் பஞ்சாலை. வயது ஐம்பத்தெட்டு. போர்டிக்சன் சாலையிலுள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில் பதினாறு வயதில் மருந்தடிக்கப் போனவர். கடைசிப் பத்தொன்பது ஆண்டுகள் நோய் மரம் பார்த்தார். கத்தியின் பின்புறத்தால் தண்டைத் தட்டுவார். பொத்தென்று கேட்டால் உள்ளே அழுகல். சிவப்புச் சாயத்தில் வளையம் போடுவார். வளையம் விழுந்த மரத்தை யாரும் மறுமுறை சோதிப்பதில்லை. இயந்திரம் வந்து சாய்த்துவிடும்.

சுற்றிலும் பதினொரு மரங்கள் அழுகிய இடத்தில் ஒன்று மட்டும் நன்றாக நின்றது. வேர்க் கிருமிகளை ஆராயும் எனக்கு அதைக் காட்டியவர் அம்மாதான். "இவ திமிரு புடிச்சவ, பாரு." அதன் வேரிலிருந்து நான் பிரித்தெடுத்த பாக்டீரியாவின் மரபணு, பதிவான எந்த இனத்தோடும் பொருந்தவில்லை. புதிய இனமாக இருக்கலாம். ஆனால் அது வேருக்குள் வாழ்வது என்று நிரூபிக்க வேண்டும். அதற்காக வேரின் மேல் இருப்பவற்றை ஆய்வகத்தில் குளோரோக்ஸ் என்ற வெளுப்பு நீரால் கொன்று, அலச வேண்டும். கடைசி அலசல் நீரில் எதுவும் வளரக் கூடாது.

சனிக்கிழமை பார்த்தேன். வளர்ந்திருந்தது. நான் வேரைக் குளோரோக்ஸில் போதிய நேரம் வைக்கவில்லை. அதே மரத்தின் வேர் மீண்டும் வேண்டும்.

வீட்டில் சொன்னதும் அம்மா சிரித்தார். "இம்புட்டுத்தானே? மரம் எங்க ஓடிப்போவுது? மறுபடி தேடி அலையக்கூடாதுன்னு அதுக்கும் ஒரு வளையம் போட்டு வச்சிருக்கேன்."

"என்ன கலர்ம்மா?"

சிரிப்பு நின்றது. அவர் டின்னில் இருந்தது ஒரே சாயம், சிவப்பு. திங்கட்கிழமை அந்த நிரையில் வளையம் விழுந்த மரங்களைச் சாய்க்க இயந்திரம் வருகிறது.

"சன்னாசி மாமாவுக்கு ஃபோன் போடவா?" அவர்தான் அந்தப் பிரிவின் வேலைகளை மேற்பார்க்கும் மண்டோர்.

"வேணாம்லா. பத்தொம்பது வருசத்துல அக்கா ஒரு வளையம் தப்பாப் போட்டதில்லன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறான். நாளைக்குக் காலையில லோபாக் கடையில வெள்ளப் பெயிண்ட் வாங்கி, நானே போய் மறைச்சிட்டு வந்துர்றேன்."

நான் ஒப்புக்கொண்டேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு, மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தவர் வாசலிலேயே சரிந்தார். மாரடைப்பு. மருத்துவமனை போய்ச் சேரவில்லை. திங்கள் பிற்பகல் தகனம். அந்த இரண்டு நாளும் மரம் என் நினைவுக்கு வரவே இல்லை.

மாலையில் சன்னாசி மாமா வந்தார். பூட்ஸில் மண். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சுடுகாட்டுக்கு வர முடியலம்மா. மெசின் இன்னிக்கு ஒரு நாள்தான்னுட்டாங்க. ஆனா அக்கா போட்ட வளையம் ஒன்னுகூட விடல. எல்லாத்தையும் சாய்ச்சி, வேரத் தோண்டி, நறுக்கிக் கலந்து பரப்பியாச்சு. அவங்க வேலைய முடிச்சிட்டுத்தான் வந்திருக்கேன்."

"சரி மாமா," என்றேன்.

அம்மா லோபாக்கிற்குப் போகவில்லை. வெள்ளைப் பெயிண்ட் வாங்கவில்லை. அந்த ஒரு வளையமும் சிவப்பாகவே இருந்தது.