கால்சியம் டப்பா

நடக்கச் சொன்னது ஒரு டாக்டர், பேசச் சொன்னது இன்னொரு டாக்டர். இரண்டையும் ஒரே ஆளை வைத்து முடித்துக்கொண்டது என் கெட்டிக்காரத்தனம்.

சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, தினமும் முக்கால் மணி நேரம் நடங்கள் என்றார் தேனி டாக்டர். அதே வருஷம் என் அம்மா இறந்தாள். எனக்குத் தூக்கம் போயிற்று. அரிசி களைந்துகொண்டிருக்கும்போதே காரணமில்லாமல் அழுவேன். கணவர் மதுரைக்கு அழைத்துப்போனார். அந்த மனநல டாக்டர் ராத்திரிக்கு ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்து, உள்ளே இருப்பதை யாரிடமாவது கொட்டுங்கள் என்றார். வயசுப்பெண் இருக்கிற வீட்டில் இந்த மாத்திரை யார் கண்ணிலும் படக் கூடாதே. காலியான கால்சியம் டப்பாவில் போட்டுவைத்தேன். கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த மகள்தான் தினமும் படுக்கும் முன் ஞாபகப்படுத்துவாள், கால்சியம் போட்டியாம்மா என்று.

நடைக்குத் துணை அடுத்த வீட்டு மதினி. உறவில்லை, கூப்பிட்டுப் பழகிய முறை. அவருக்கும் சர்க்கரை. விடிந்ததும் பழனிசெட்டிபட்டியிலிருந்து ஆற்றுத் தடுப்பணை வரை போய்த் திரும்புவோம். சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூவைப் பார்த்து டீக்கடைக்காரர்கள் முதல் வாரம் சிரித்தார்கள், அப்புறம் அவர்களுக்கே அலுத்துவிட்டது. போகும்போது மதினி அவருடைய மருமகளைப் பற்றிச் சொல்வார். திரும்பும்போது என் முறை. மாத்திரை, மதுரை, காரணமில்லாத அழுகை என்று ஒன்று விடாமல் சொன்னேன். ஆத்து மேல சத்தியம், மூச்சு விட மாட்டேன் என்றார். நாலு வருஷத்தில் உடம்பும் மனசும் தேறியது நிஜம். அதை இன்றும் நான் மறுக்க மாட்டேன்.

படிப்பு முடித்த மகளைச் சின்னமனூரிலிருந்து கேட்டு வந்தார்கள். ஜாதகம் நன்றாகப் பொருந்தியது. பையனை மகளுக்கும் பிடித்திருந்தது. இந்தப் பக்கம் பூ வைப்பதற்கு முன் விசாரணை என்று ஒன்று உண்டு. பெண் வீட்டுக்கு வர மாட்டார்கள். பால்காரரிடம், பக்கத்து வீட்டில், கோயில் வாசலில் என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். அந்த வாரத்தோடு அவர்கள் பேச்சு நின்றது. பொருந்திய ஜாதகம் திடீரென்று பொருந்தவில்லையாம். தரகரை உலுக்கியதில், கூடத்தில் மகள் உட்கார்ந்திருக்கும்போதே உண்மையைப் போட்டு உடைத்தார். பெண்ணின் தாய்க்கு மனசு சரியில்லை, மாத்திரையில் ஓடுகிறது என்று கேள்விப்பட்டார்களாம். கணவருக்கும் டாக்டருக்கும் அப்புறம் அதை அறிந்தவர் ஒரே ஒருவர்தான்.

மறுநாள் தடுப்பணையில் வைத்துக் கேட்டேன். மதினி முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"வந்தவுக கேட்டாக. தாயி எப்படின்னு கேக்கும்போது நான் பொய் சொல்ல முடியுமாத்தா? முந்தி மனசு சரியில்லாம இருந்துச்சு, இப்ப ஒழுங்கா மாத்திர போட்டுத் தெளிவா இருக்கான்னு ஒன்னைய ஒசத்தித்தான் சொன்னேன்."

உசத்தித்தான் சொல்லியிருக்கிறார். நல்லது சொல்கிறோம் என்று நம்பிச் செய்பவரை எந்த வாயால் திட்டுவது? கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் ஊர் கூட்டிச் சண்டை போட்டிருப்பேன், ஆத்திரமாவது தீர்ந்திருக்கும். நாலு வருஷமாக நான் கொட்டியதை அந்த அம்மாள் ஒரு நற்சாட்சிப் பத்திரம் மாதிரி எடுத்து நீட்டியிருக்கிறார். அவருக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சமையலறையில் மகள் நின்றிருந்தாள். டப்பா திறந்து மேடைமேல் இருந்தது. மதினியைப் பற்றி நான் பொரிந்து தள்ளியதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். உன் வாழ்க்கையையே கெடுத்துவிட்டாளே என்றேன்.

"அந்த மாப்பிள போனாப் போகட்டும்மா. நாலு வருசமா அடுத்த வீட்டு அத்தைக்குத் தெரிஞ்சிருக்கு. நான் தெனமும் கால்சியம் போட்டியான்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."

அழவில்லை. டப்பாவை மூடி, அது எப்போதும் இருக்கும் இடத்திலேயே வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டாள்.

மறுவருஷம் அவளுக்கு வேறு இடத்தில் நல்லபடியாகக் கல்யாணம் ஆயிற்று. மதினியோடு பேசுவதை நான் நிறுத்திவிட்டேன். தடுப்பணை வரை தனியாகத்தான் நடக்கிறேன். மாத்திரையையும் விடவில்லை. ஆனால் அன்று ராத்திரியிலிருந்து, போட்டியா என்று மகள் ஒரு நாளும் கேட்டதில்லை.