மதினியின் ஏழு கல் தோடு

மாடியில் மிளகாய் வற்றலைப் பரப்பிக்கொண்டிருந்த மதினியின் காதில் காலை வெயில் விழுந்தபோதுதான் நான் அதைக் கவனித்தேன். ஏழு கல் தோட்டிலிருந்து சிவப்பும் பச்சையும் நீலமுமாக நிறங்கள் சிதறின. வேறு யாராவது பார்த்திருந்தால் என்ன ஜொலிப்பு என்று வியந்திருப்பார்கள். எனக்குச் சந்தேகம் தட்டியது. நல்ல வைரம் வெயிலில் பெரும்பாலும் வெள்ளையாகத்தான் மின்னும், நிறங்கள் இடையிடையே வந்துபோகும். இப்படி வானவில்லை வாரி இறைப்பது அமெரிக்கன் டைமண்ட் என்று நாங்கள் கடையில் விற்கும் செயற்கைக் கல்.

கோவில்பட்டியில் ஒரு நகைக்கடையில் நான் வேலை பார்க்கிறேன். வெகுகாலம் வெள்ளிப் பிரிவில் இருந்துவிட்டு, வைரப் பிரிவுக்கு மாறி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதற்கு முன் எனக்கும் எல்லாக் கல்லும் ஒன்றுதான். என் அண்ணன் மனைவியான மதினி, நாகலாபுரத்துப் பக்கத்துக் கரிசல் கிராமத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள்; நான் அவளுக்கு நாத்தனார். "எம் மருமக வைரத் தோடோட வந்தவ" என்று அம்மா இருபத்தைந்து வருடமாகத் தெருவில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து மதினியின் பழைய பழக்கங்கள் ஒவ்வொன்றும் எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தன. அந்தத் தோட்டை அவள் கழற்றியதே இல்லை. பாலீஷ் போடக் கேட்டால் கல் ஆடிப்போகும் என்பாள். கல்யாண வீடுகளில் யாராவது காதருகே குனிந்தால் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொள்வாள். கூச்சம் என்றுதான் நினைத்திருந்தேன். கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அவளோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும்போதுகூட என் கண் அவள் காதுக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்த நேரத்தில் அண்ணன் மகளுக்கு மணியாச்சியில் மாப்பிள்ளை அமைந்தது. பேச்சுவார்த்தையின்போது, பேத்திக்கு அந்த வைரத் தோடுதான் என்று அம்மா சபையில் சொல்லிவிட்டாள். மறுநாள் என்னிடம், "நீதான் கடையில இருக்கியே, கழுவிச் சுத்தம் பண்ணிக் கொண்டா" என்றாள். மதினி தோட்டைக் கழற்றி டப்பாவில் வைத்துக் கொடுத்தாள். வெறுங்காதோடு அவளை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. டப்பாவை என் கையில் வைத்த பிறகும் ஒரு நொடி அவள் விரல் விடவில்லை.

கடையில் வைத்து வாயால் ஊதிப் பார்த்தேன். வைரத்தில் படியும் ஆவி உடனே மறைந்துவிடும். இது நின்று நிதானமாகக் கலைந்தது. லென்ஸில் பார்த்தால் விளிம்புகள் மழுங்கிக் கீறல் விழுந்திருந்தன. எத்தனை வருடம் போட்டாலும் வைரம் அப்படித் தேயாது. கடைசியில், வைரத்தைத் தொட்டால் சத்தம் கொடுக்கும் டெஸ்டரை எடுத்துப் பதினான்கு கல்லிலும் தொட்டேன். ஒன்றுகூடச் சத்தம் கொடுக்கவில்லை. கடை முதலாளி அண்ணாச்சி அந்தப் பக்கமாக வந்து, "யாரு நகைம்மா?" என்றார். "கஸ்டமருது அண்ணாச்சி" என்றேன். அவரிடம் நான் சொன்ன முதல் பொய்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படிக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் மதினியே, "தெரிஞ்சு போச்சா?" என்றாள்.

"அந்த வருசம் மழை கைவிட்டுட்டு. பருத்தியும் இல்ல, கொத்தமல்லியும் இல்ல. வைரம் போடுதேன்னு எங்க அய்யா வாக்குக் குடுத்துட்டாவ. கல்யாணத்துக்கு மொத நா எங்கிட்ட சொல்லி அழுதாவ. வார வருசம் விளைஞ்சா மாத்திருவோம்னாவ. மாத்தாமலே போய்ச் சேந்துட்டாவ."

"யாருக்கும் தெரிய வேண்டாம் மதினி. நான் சொல்ல மாட்டேன்" என்றேன்.

"நீ சொல்ல மாட்ட. நாளைக்கு எம் மக மாமியா கடைக்குக் கொண்டு போனா? எம் பிள்ளதான் கல்ல மாத்திட்டான்னுல்லா சொல்லுவாவ. நான் காதப் பொத்திக்கிட்டுத் திரிஞ்சது போதும்."

காலையில் அவளே அம்மாவிடம் சொன்னாள். அம்மா கத்தவில்லை. "தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்கனே" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு பல நாள் மதினி கையால் காப்பி வாங்கிக் குடிக்கவில்லை. சம்பந்தி வீட்டில் சொல்லக் கூடாது, கல்யாணம் நின்றுவிடும் என்று அண்ணனும் அம்மாவும் ஒரே பிடியாக நின்றார்கள். மதினி கேட்கவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு மணியாச்சிக்குப் பஸ் ஏறினாள். மாப்பிள்ளையின் அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். டப்பாவைத் திறந்து பார்த்தார், மூடினார், காப்பி கொடுத்தார். "வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்லுதோம்" என்றார்.

பன்னிரண்டு நாள் அங்கிருந்து ஒரு போன் இல்லை. அச்சகத்தில் பத்திரிகை அடிக்காமல் கிடந்தது. போன் மணி அடித்தாலே அண்ணன் மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். உண்மையைச் சொல்ல விட்டிருக்கக் கூடாதோ, டெஸ்டரை நான் தொடாமலே இருந்திருக்கலாமோ என்று எனக்குள்ளேயே அரித்துக்கொண்டிருந்தது.

பதின்மூன்றாம் நாள் மத்தியானம், ஆள் இல்லாத நேரத்தில், சம்பந்தியம்மா தனியாகக் கடைக்குள் வந்தார். நான் பதறி எழுந்தேன். அவர் என் முன்னால் உட்கார்ந்து, தன் காதுத் தோடு இரண்டையும் கழற்றித் தட்டில் வைத்தார்.

"எங்க மாமியா எனக்குப் போட்டது. நீங்க வந்துட்டுப் போனதுல இருந்து எனக்கு உறக்கம் பிடிக்கல. பாத்துச் சொல்லு தாயி."

வலது காதுத் தோட்டில் ஏழு கல்லும் சத்தம் கொடுத்தன. இடது காதில் ஆறு கொடுத்தன. ஓரத்துக் கல்லை மூன்று தடவை தொட்டேன். சத்தம் இல்லை. "எது?" என்றார். விரலால் காட்டினேன். எப்போதோ ஒரு கல் விழுந்து, யாரோ வேறொன்றை வைத்திருக்கிறார்கள். யார் என்று கேட்க இப்போது ஆள் இல்லை. அவர் அந்தக் கல்லை விரல் நுனியால் தடவிப் பார்த்தார். பிறகு தோடுகளைக் காதில் வைத்துத் திருகாணியைத் திருகிக்கொண்டார்.

"பத்திரிகை அடிக்கச் சொல்லுங்க. பிள்ளைக்குத் தங்கத் தோடே போதும்" என்றவர், எழுந்து நின்று, "இத உங்க மதினிகிட்டகூட சொல்லிராத" என்றார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மதினி இப்போதும் அதே தோட்டைத்தான் போடுகிறாள். யாராவது கேட்டால், "வைரம் இல்ல, வெறும் கல்லு" என்று சாதாரணமாகச் சொல்கிறாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மதினிக்கு வாசிக்கும் பழக்கம் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் அண்ணன் மகளின் வளைகாப்பில் சம்பந்தியம்மா எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த பெண் ஒருத்தி, "வைரமா அக்கா?" என்று அவர் காதருகே குனிந்தாள். அவர் கை இடது காதுக்குப் போனதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.