பந்திக் காட்சி

என் மாமியாருக்கு உணவுக்குழாயில் புற்று என்று தெரியவந்தபோது, எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதுவரை அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் என் மனைவியும் வேறு வேறு சாதி. சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு முடிந்த கல்யாணம். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக முளைத்த வீடுகளில் ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். மாமியார் கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் மகனோடு இருந்தார். நெல்லும், மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்கிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். அந்த வீட்டு வாசலை நான் மிதித்ததில்லை. கல்யாணத்துக்குப் பிறகு என் மனைவியும் மிதித்ததில்லை.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றிக்கொள்ள அவர் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. முதல் இரண்டு தடவை மகன் கூட்டிப் போனார். பிறகு மல்லாட்டை பிடுங்கும் வேலை வந்தது, ஆள் கிடைக்கவில்லை, வர முடியாது என்று தங்கைக்கே போன் செய்துவிட்டார். என் மனைவி அப்போது கர்ப்பமாக இருந்தாள். பஸ்ஸில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"நீங்க போறீங்களா?" என்று கேட்டாள்.

"எங்கூட வருவாங்களா?"

"வேற யாரு இருக்காங்க? வந்துதான் ஆவணும்."

நான் திருவண்ணாமலை பஸ் நிலையத்தில் ஏறி ஜன்னல் ஓரத்தில் துண்டைப் போட்டு இடம் பிடித்தேன். கீழ்பென்னாத்தூரில் அவர் ஏறினார். மைத்துனர் கீழே பைக்கில் உட்கார்ந்தபடியே, என்னைப் பார்க்காமல் அம்மாவின் பையை மட்டும் ஜன்னல் வழியாக நீட்டினார். மாமியார் அதை வாங்கி எனக்கும் அவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்ததும் என் பக்கம் தலையை மட்டும் ஆட்டி, "அவரு எடுப்பாரு" என்றார். திண்டிவனத்தில் பஸ் நின்றபோதும் கண்டக்டரைத்தான் கூப்பிட்டார். "அவர தண்ணி வாங்கியாரச் சொல்லுங்க."

கண்டக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "பக்கத்துலதாம்மா குந்திகினு இருக்காரு, நீங்களே சொல்லக் கூடாதா?"

நான் இறங்கிப் போய்த் தண்ணீர் வாங்கி வந்தேன். சென்னையிலிருந்து திரும்பி வரும்போது மருந்தின் வேகத்தில் மாமியார் வாந்தி எடுத்தார். அப்போதும் நான் பிடித்த பிளாஸ்டிக் பையை வாங்கிக்கொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இதைச் சொன்னபோது என் மனைவி முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அம்மாவுக்குப் பழைய படம்னா உயிரு" என்றாள். "ஞாயித்துக்கெழம டிவியில போட்டா அடுப்ப அணச்சிட்டு வந்து குந்திப்பாங்க. எங்க அப்பா சோத்துக்குக் கத்துவாரு."

நான் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். யாரோ பயன்படுத்தி விற்ற லேப்டாப் ஒன்று என்னிடம் இருந்தது. கறுப்பு வெள்ளைப் படங்களாகத் தேடி டிவிடி வாங்கினேன். தெருவோரத்தில் விற்ற திருட்டு டிஸ்க்கில் முகமே தெரியாது. அதனால் அட்டை போட்ட ஒரிஜினலாகவே வாங்கினேன். அடுத்த பயணத்தில் டிஸ்க்கை அப்படியே லேப்டாப்பில் போட்டு மடியில் வைத்தேன். செஞ்சி ரோடு அந்த வருஷங்களில் சல்லடை மாதிரி இருக்கும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. கதாநாயகன் வாயைத் திறந்தபடி நிற்பான், பஸ் அடுத்த பள்ளத்தில் இறங்கியதும் படம் வேறெங்கோ போய் ஓடத் தொடங்கும். டிஸ்க் சுற்றியே பேட்டரி தீர்ந்துபோனது. செஞ்சிக் கோட்டை தெரியும் முன்பே திரை அணைந்தது. ஆனால் அணையும் வரை அவர் கண் அதில்தான் இருந்தது. நான் பார்ப்பது தெரிந்ததும் வெளியே பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் டிஸ்க்கில் இருப்பதை லேப்டாப்புக்குள் ஏற்றிக்கொள்ள ஆரம்பித்தேன். சாதாரணமாகக் காப்பி செய்தால் ஃபைல் வந்துவிடும், படம் மட்டும் பச்சையும் ரோஸுமாகக் கலங்கித் தெரியும். காப்பி எடுக்க முடியாதபடி பூட்டு போட்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த ஒரு சிடியில் அந்தப் பூட்டைத் திறக்கும் மென்பொருள் கிடைத்தது. மின்வெட்டு ஆரம்பித்திருந்த காலம். முக்கால்வாசி ஏறும்போது கரண்ட் போகும், பழைய பேட்டரி தாங்காது, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். என் மனைவி வயிற்றைச் சாய்த்து உட்கார்ந்து என் பழைய பனியன் துணியால் டிஸ்க்குகளைத் துடைத்துத் துடைத்துக் கொடுப்பாள். எது போக வேண்டும் என்று பொறுக்கியதும் அவள்தான்.

"இது வேணாம். இதுல அம்மா செத்துப்போவாங்க."

"இது?"

"இதுல அண்ணன்."

யாரும் சாகாத பழைய படம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் மிஞ்சியவை சிரிப்புப் படங்கள்தான்.

அடுத்த தடவை படம் தடங்கலில்லாமல் ஓடியது. இயர்போனை நீட்டினேன். அவர் ஒன்றை மட்டும் எடுத்து, போன் பேசுகிறவர் மாதிரி காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். இன்னொன்று எங்கள் நடுவில் இருந்த பையின் மேல் தொங்கியது. நான் சத்தமில்லாமல் வாயசைவையே பார்த்தேன். செஞ்சி தாண்டியபோது அவர் பார்வையைத் திரையிலிருந்து எடுக்காமலே, "இத நீங்க வெச்சிக்கோங்க. சும்மாதான தொங்குது" என்றார். அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

அந்தப் படத்தில் ஒரு கல்யாணப் பந்தி வரும். சாப்பாட்டு ராமன் ஒருவன் இலையை விட்டு எழுந்திருக்க மாட்டான். பரிமாறுகிறவர்கள் ஓடி ஓடி ஓய்ந்துபோவார்கள். பஸ்ஸில் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கூடச் சிரித்தார். மாமியாருக்கு அப்போது கஞ்சித் தண்ணீர் மட்டும்தான் இறங்கிக்கொண்டிருந்தது, அதிலும் பாதி திரும்பி வந்துவிடும். அவர் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியதைப் பார்த்தேன். எச்சிலை விழுங்க முடியாமல் முந்தானையில் துப்பிக்கொண்டார். நான் லேப்டாப்பை மூடிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து எல்லாப் படங்களையும் ஓட்டிப் பார்த்தேன். நம் படங்களில் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று ஆச்சரியமாக இருந்தது. ஒருத்தி தோசை சுடுவாள், ஒருவன் திருட்டுத்தனமாக லட்டு தின்பான், அப்பளம் நொறுங்கும். ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தேன். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, "இங்க, இங்க. தட்டு தெரியுது பாருங்க" என்று காட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த பயணத்தில் மாமியார் அதே படத்தைப் போடச் சொன்னார். பந்திக்கு ஆட்கள் போவார்கள், உடனே கை கழுவிக்கொண்டு வருவார்கள். அவர் காதிலிருந்து இயர்போனை எடுத்தார்.

"எங்க அது?"

"எது அத்தை?"

"பந்தி. போன தபா வந்துச்சே."

"எடுத்துட்டேன்."

"ஏன்?"

அவரே சொன்னார். "தொண்டையிலதான் எறங்கல. கண்ணுக்கு இன்னா வந்துச்சு? ஊட்லயும் நான் இருக்கசொல்ல யாரும் சோறு துன்றதில்ல. மறஞ்சி மறஞ்சி துன்றாங்க. நீங்களுமா? அத திரும்பப் போடுங்க."

"டிஸ்க்கு வீட்ல இருக்கு அத்தை. அடுத்த தபா முழுசா ஏத்திக்கினு வரேன்."

"அடுத்த தபா" என்று அவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். குரல் அப்போதே பாதி காற்றாகத்தான் வந்தது.

எல்லா டிஸ்க்கையும் மறுபடி ஏற்றினேன். அந்த மூன்று வாரமும் இதே வேலை. அடுத்த தடவை கீழ்பென்னாத்தூரில் அவரை இரண்டு பேர் தூக்கித்தான் ஏற்றினார்கள். பை எங்களுக்கு நடுவில் இல்லை, காலடியில் இருந்தது. படம் போடச் சொன்னார். பந்தி வந்ததும் தலையை முன்னால் நீட்டிப் பார்த்தார். முடிந்ததும், "இன்னொரு தபா" என்றார். நான் பின்னால் நகர்த்தி மறுபடி போட்டேன்.

"வடைய மொதல்ல வெக்கிறான் பாருங்க. எங்க பக்கம் அப்டி வெக்க மாட்டாங்க" என்றார். கொஞ்ச தூரம் போனது. பிறகு திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"உங்க கல்யாணத்துல இன்னா போட்டீங்க?"

தன் மகள் கல்யாணத்தைப் பற்றி அவர் கேட்கிறார் என்று எனக்கு உறைக்கவே சிறிது நேரம் ஆனது.

"பந்தியெல்லாம் இல்ல அத்தை. கையெழுத்து போட்டுட்டு ஓட்டல்ல போயி சாப்ட்டோம். பூரி."

"பூரியா?"

"ஆமா."

"ஒரு பாயசங்கூட இல்ல?"

"இல்ல அத்தை."

படத்தில் அந்தச் சாப்பாட்டு ராமன் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தான். செஞ்சி தாண்டியதும், பந்தி முடிந்து ஒரு பாட்டு தொடங்கியபோது தூங்கிவிட்டார்.

சென்னையில் அன்று மருந்து ஏற்றவில்லை. உடம்பு தாங்காது, இனி அலைய வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவரும் பக்கத்தில்தான் இருந்தார், எல்லாம் கேட்டது. திரும்பி வரும்போது பௌர்ணமி. கோயம்பேட்டில் கிரிவலக் கூட்டம் பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகவே ஏறிக்கொண்டிருந்தது. எங்களுக்கு சீட் கிடைக்கவில்லை. "உடம்பு முடியாதவங்க" என்று நான் ஒவ்வொரு சீட்டாகக் கேட்டுக்கொண்டு போனேன். எல்லாரும் வெகுதூரம் நடக்கப் போகிறவர்கள், கால் வலிக்கு முன்கூட்டியே ஓய்வு எடுத்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர்தான் என்ஜின் மூடிமேல் துணியை மடித்துப் போட்டு உட்காரவைத்தார். திண்டிவனத்தில் ஒரு சீட் காலியாகும் வரை அந்தச் சூட்டில் உட்கார்ந்து வந்தார். நான் பக்கத்தில் நின்று அவர் தலை பின்னால் சாயாமல் கையைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்று படம் எதுவும் போடவில்லை.

கீழ்பென்னாத்தூரில் மைத்துனர் இறக்கிக்கொண்டார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். தலையாட்டினார். டிஸ்க்குகளை வீட்டு டிவியில் போட்டுப் பார்க்கட்டும் என்று நீட்டினேன். "அதெல்லாம் வேணாங்க" என்றார்.

மாமியார் இறந்தபோது என் மனைவிக்குக் குழந்தை பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. பச்சை உடம்பு, போகக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவள் அண்ணனும் போனில் அதையேதான் சொன்னார், வேறு காரணத்துக்காக. நான் மட்டும் போனேன். தெருமுனையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். யாரும் வா என்றோ போ என்றோ சொல்லவில்லை. எல்லாருக்கும் டம்ளரில் டீ வந்தது, எனக்கு மட்டும் பேப்பர் கப்பில் வந்தது. வாங்கிக் குடித்தேன். தாகமாக இருந்தது. தூக்கிக்கொண்டு போகும்போது மாலைகளுக்கு நடுவே நெற்றி மட்டும் தெரிந்தது. கூட்டத்தில் ஒரு அம்மாள், "இவருதான் மெட்ராசுக்கு இட்டுகினு போனவரு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது காதில் விழுந்தது. மைத்துனர் கடைசியில் என்னிடம் வந்து, "வந்தீங்களே, போதும். கெளம்புங்க" என்றார்.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆகும்வரை என் மனைவி அம்மாவைப் பற்றிப் பேசவில்லை. ஒரு மதியம் தானே லேப்டாப்பை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"அவ்ளோ தூரம் போனீங்களே, என்னப் பத்தி ஒண்ணும் கேக்கலையா?"

பூரியைப் பற்றிக் கேட்டதைச் சொன்னேன். வேறு சொல்ல என்னிடம் இல்லை. மற்ற நேரமெல்லாம் படம்தான் பார்த்தோம்.

"அதப் போடுங்க" என்றாள்.

போட்டேன். அவள் படத்தைவிட என் முகத்தைத்தான் அதிகம் பார்த்தாள். "இங்க சிரிச்சாங்களா?" என்று அடிக்கடி கேட்டாள். சிரித்த இடத்தில் ஆமாம் என்றேன். சிரிக்காத இடத்தில் இல்லை என்றேன். சில இடங்களில் எனக்கு நினைவில்லை, அதையும் சொன்னேன். பந்தி வந்தது, போனது. அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. பிறகு ஒரு பாட்டு தொடங்கியது.

"இங்க தூங்கிட்டாங்க" என்றேன். "இதுக்கப்புறம் பாத்ததில்ல."

அவள் கை நீட்டி லேப்டாப்பை மூடினாள். உள்ளே குழந்தை முனகியது. எழுந்து போய்ப் பால் கொடுக்க உட்கார்ந்தவள், அங்கிருந்தே கேட்டாள்: "எங்க அண்ணன் அம்மாவப் பத்தி இதெல்லாம் உங்ககிட்ட எப்பவாவது கேப்பானா?"

மைத்துனர் கேட்கவே இல்லை.