ஞானம்மாளுக்கு எழுதிய எட்டு வரி

மம்சாபுரம் ஞானம்மாளுக்காக நான் எழுதிய எட்டு வரியை, படத்தையும் பெயரையும் மாற்றி, ராஜபாளையத்துக் கல்யாண மண்டப முதலாளி ஒருவருக்குக் கண்ணீர் அஞ்சலியாக ஒட்டிவிட்டார்கள். அச்சடித்தது நான் வேலை பார்க்கும் கடையேதான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஃபிளெக்ஸ் கடையில் இரங்கல் வரி எழுதுவது என் பகுதிநேர வேலை. மற்ற நேரம் எம்.ஏ. தமிழ். சாகிறவர்களுக்குப் பெயர் உண்டு, எழுதுகிறவளுக்குக் கிடையாது. உங்களிலும் இப்படிப் பெயரில்லாமல் எழுதுகிறவர்கள் இருப்பீர்கள், உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

காட்டில் ஒரு மணி நேரம்

எழுத்து எங்கிருந்து வரும் என்று காட்டுவதற்காகக் கல்லூரியில் எங்களைச் செண்பகத்தோப்புக்குக் கூட்டிப்போனார்கள். மரத்தடியில் கண்ணை மூடி உட்காருங்கள், கரு தானாக வரும் என்றார் பயிலரங்குக்கு வந்திருந்த எழுத்தாளர். டவுன் பஸ்கூடத் தானாக வராது, யாராவது ஓட்டி வர வேண்டும் என்றேன். வாதாடுகிறவளுக்குக் கவிதை வராதாம். உட்கார்ந்தேன். எறும்புதான் வந்தது. அந்த வழியாக வந்த வனக்காவலர் எங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அம்புட்டுப் பேரும் கண்ண மூடிக்கிட்டா, கொரங்கு வந்தா சோத்துப் பொட்டலத்த யாரு பாக்குறது?"

எஸ்தரக்கா சொன்னது

ஞானம்மாளின் மகள் எஸ்தரக்காவுக்கு ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை. "நல்லதா நாலு வரி போட்டுக் குடு பாப்பா" என்று அம்மாவின் படத்தை நீட்டினார். அம்மா எப்படிப்பட்டவர் என்று கேட்டேன். பாசமானவர், பண்பானவர் என்று எல்லாச் சுவரொட்டியிலும் இருப்பதையே சொன்னார். கோபம் வந்தால் என்ன சொல்லித் திட்டுவார் என்றேன். பிறகு அரை மணி நேரம் அக்கா பேச்சை நிறுத்தவில்லை. அம்மாவுக்குச் சீமைக்கருவேலம் வெட்டப் போகும் கை. மகளுக்குத் தலை வாரும்போது முடியெல்லாம் அந்தக் கையில் சிக்கும். கத்தினால், "எங் கையே சீப்புதாம்ட்டி, பேசாம இரு" என்பாராம்.

எட்டு வரியும் அதிலிருந்துதான் வந்தன. கருவேல முள் கிழித்த கையாலே எங்கள் தலை வாரிய அம்மா என்று ஆரம்பம். எஸ்தரக்கா திரையில் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். "எங்கம்மா கை அப்படியே இருக்கு பாப்பா."

அம்மா பதினான்கு

எழுதிய வரியை உறவுமுறை சொல்லிச் சேமிப்பது எங்கள் கடை வழக்கம். அப்பா ஒன்று, அப்பா இரண்டு, அப்படி. ஞானம்மாளை 'அம்மா பதினான்கு' என்று சேமித்தவள் நான்தான். நான் பரீட்சைக்கு லீவு போட்டிருந்த வாரம் மண்டப முதலாளி இறந்துபோனார். கடைக்கார அண்ணாச்சி அந்த ஃபைலைத் திறந்து அம்மாவை ஐயா ஆக்கிவிட்டார். மூன்று மோதிரம் போட்ட கையைக் கூப்பி நிற்கும் படம். அதற்குக் கீழே கருவேல முள் கிழித்த கை.

"இது இன்னொருத்தர் அம்மாவோட கை அண்ணாச்சி" என்று சண்டை போட்டேன். அவர் நிமிரவே இல்லை. "அவிய வீட்ல படிச்சுப் பாத்து அழுதாக. அழுக வந்துருச்சுல்லா, பொறவு யாரு கையா இருந்தா ஒனக்கென்ன?"

மில் வாசல்

அந்தச் சுவரொட்டி எஸ்தரக்காவின் மில் வாசலிலும் இருந்தது. ஷிஃப்ட் முடிந்து நேரே கடைக்கு வந்தார். "தெரியாம நடந்துபோச்சும்மா" என்றார் அண்ணாச்சி. "வருஷ நினைவுக்கு வாங்க. பாப்பா புதுசா எழுதட்டும், நான் சும்மாவே போட்டுத் தாரேன்."

எஸ்தரக்கா அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். யாரிடமும் வாதாடத் தயங்காத எனக்கு, சேமித்தது நான்தான் என்று மட்டும்தான் சொல்ல வந்தது. அதற்கு அவர் சொன்ன பதில்:

"எங்கம்மாவப் பத்திச் சொல்ல இன்னும் எம்புட்டோ கெடக்கு பாப்பா. ஒங்கிட்ட இனிச் சொல்ல மாட்டேன்."