துளை அடைத்த மீன்

எதிர் மருந்துக்கடைக்குத்தான் போன் வந்தது. கடைக்காரர் சாலையைத் தாண்டி வந்து, "ஏம்மா, உங்க மொதலாளி கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில காலமாயிட்டாருங்க" என்றார். குன்னூரில் அன்று காலையிலிருந்தே மூடுபனி. நான் விளக்கைப் போட்டுக்கொண்டு புத்தகங்களுக்கு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தேன். பின்னறையிலிருந்து அம்மா ஈரக்கையோடு வந்தாள். எப்போது, எப்படி என்று எதுவும் கேட்கவில்லை. "வட்டுப் பெட்டிச் சாவி யாருகிட்ட இருக்கு?" என்றாள்.

முதலாளி நாச்சிமுத்து அவர்களின் வாடகை நூலகத்துக்கு வந்துபோன நீங்கள், அம்மாவைத் தவறாக எண்ணிவிடக் கூடாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவருடைய நாக்கை நீங்கள் அறிவீர்கள். லவ்டேலிலிருந்து வரும் டீச்சர் ஒருமுறை புத்தகத்தைத் தாமதமாகக் கொண்டுவந்தபோது, "ஏனுங்க டீச்சர், கோழியாட்டம் இது மேல உக்காந்து அடைகாத்தீங்களா? குஞ்சு எங்கீங்க?" என்றார். கடையே சிரித்தது. அடுத்தது நம் முறை என்று தெரிந்துகொண்டே எல்லோரும் சிரித்தோம்.

உங்களில் பலர் பார்க்காதது அவருடைய வெள்ளி வட்டுகள். காசு போல வட்டமாக இருக்கும். ஆனால் காசு அல்ல. தூண்டில் போட்டியில் வென்ற துரைமார்களுக்குக் கொடுத்தவை சில. வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைத்தவை சில. மீன், கடமான், காட்டெருமை, வரையாடு, சிறுத்தை என்று ஒவ்வொன்றிலும் ஓர் உயிர். ஞாயிற்றுக்கிழமை பச்சைத் துணியை விரித்து அவற்றைப் பரப்புவார். விளிம்பை மட்டும்தான் தொடுவார். அவர் மீன் சாப்பிட்டதில்லை, காட்டுக்குள் போனதுமில்லை. ஏன் என்று கேட்டேன். "காட்டுக்குப் போனா அது ஓடிப்போயிரும் புள்ள. இங்கன்னா நிக்குது" என்றார். அந்த ஒரு நிமிடம் அவர் முகத்தில் இருந்த மென்மையை வேறு எந்த மனிதருக்கும் அவர் காட்டி நான் பார்க்கவில்லை.

நாங்கள் சிலோனிலிருந்து கப்பலில் வந்தவர்கள். அப்பா மண்டபம் முகாமிலேயே இறந்துபோனார். அம்மா கைக்குழந்தையான தம்பியையும் என்னையும் கூட்டிக்கொண்டு மலையேறினாள். வீட்டு வேலைக்கு அம்மா, கடைக்கு நான் என்று ஒப்புக்கொண்டு அவர் பின்னறையைத் தந்தார். தந்த அன்றே ஒரு வட்டை உயர்த்திக் காட்டி, "இது எந்த ஊருக் கடையிலும் செல்லாது. உங்களையாட்டமே. அங்கயும் செல்லல, இங்கயும் செல்லல. ஆனா இதுல வெள்ளியாச்சும் இருக்குது" என்றார். அம்மா தலையாட்டினாள். தலைக்கு மேல் கூரை கிடைத்த நாளில் வேறென்ன செய்வது?

எங்களிடமும் ஒரு வட்டு இருந்தது. அம்மாவின் அப்பா சிலோனில் ஓடைகளில் மீன்பிடிக்கும் துரைக்குக் கூடை தூக்கினவர். துரை ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப்போன வட்டு அது; துள்ளும் ட்ரவுட் மீன் பதித்தது. அம்மா பிறந்தபோது அதில் துளை போட்டு, நோய் நொடி அண்டாமல் இருக்கக் காப்பாக அரைஞாணில் கட்டினார்கள். பிறகு எனக்குக் கட்டினார்கள், பிறகு தம்பிக்கு. வியர்வையும் எண்ணெயும் ஏறி அது கரிபோல இருந்தது. அதைப் பார்த்த அன்று முதலாளி, "ஓட்டை போட்ட கையை ஒடிக்கோணும்" என்றார். ஆனால் அதன்பின் தம்பி தவழ்ந்து வரும்போதெல்லாம் அவர் கண் அவன் இடுப்புக்குத்தான் போகும்.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் அவர் வெளியே போயிருந்தார். பூசைக்குத் துடைப்பதற்காக அலமாரியைத் திறந்த அம்மா வட்டுகளைப் பார்த்தாள். பூசை நாளில் வெள்ளி கறுத்துக் கிடக்கலாமா? புளியும் சாம்பலும் போட்டு அத்தனையையும் தேய்த்துக் கழுவி, தாம்பாளத்தில் வரிசையாக அடுக்கினாள். கடமானுக்கும் காட்டெருமைக்கும் குங்குமம் வைத்தாள். இரண்டு வருடமாக அவர் முகம் மலர்ந்து பார்த்ததில்லை. இன்றாவது மலரும் என்று நம்பினாள்.

அவர் வந்தார். கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இந்தக் கறுப்பு ஏறுறதுக்கு எத்தன காலம் ஆகும் தெரியுமா அம்மிணி? அதுதான் அதோட வயசு. ஒரு மத்தியானத்துல தொடச்சுப்போட்டியே."

"நாங்க அங்கயும் புளி போட்டுத்தாங்க ஐயா தேப்போம். நல்லா இருக்கட்டும்னுதான்..."

"பையனக் கூப்புடு."

பார்சல் கயிறு வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தார். தம்பியின் சட்டையைத் தூக்கி அரைஞாணை வெட்டினார். இரும்பு சில்லென்று பட்டதும் அவன் கூச்சத்தில் கலகலவென்று சிரித்தான். "இதொண்ணத்தான் நீ இன்னும் கெடுக்கல" என்று சொல்லி, மீனைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். "புடிக்கலீன்னா ஊட்டைக் காலி பண்ணிட்டுப் போ. தேயிலைக் காட்டுக்கா பஞ்சம்?"

அந்த மழைக்காலத்தில் தம்பிக்குக் காய்ச்சல் வந்து வலிப்பும் கண்டது. அம்மா அவர் வாசலில் நின்று கெஞ்சினாள். "இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் குடுங்க ஐயா. புள்ள இடுப்பு வெறுமையா கெடக்கு. நாளைக்குக் கொண்டாந்து வெச்சுர்றேன்."

"மீன் என்ன மாத்திரையா? எதுத்தாப்புல மருந்துக்கடை இருக்குது, போ."

மருந்து வந்தது. அவர் சொல்லித்தான் வந்தது. மீன் வரவில்லை.

இறந்த சேதி கேட்டு நீங்கள் கடைக்கு வந்தீர்கள். "வாய்தான் அப்படி, மனசு வெள்ளை" என்றீர்கள். அவர் இருந்திருந்தால், "ஏனுங்க, என்னையும் புளி போட்டுத் தேய்க்கறீங்களா?" என்று கேட்டிருப்பார்.

காரியம் முடிந்ததும் அவருடைய தங்கை மகன் பெட்டியைத் திறந்தார். நல்ல மனிதர். "உங்களுது எதுன்னு பாத்து எடுத்துக்குங்கக்கா" என்று அம்மாவிடம் நகர்த்தினார். அன்று தேய்த்தவையும் அதற்குள் மறுபடி கறுத்திருந்தன; மீன் பதித்தவையும் பல இருந்தன. அம்மா ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் துளையைத் தேடினாள். எதிலும் துளை இல்லை. "இதுல இல்ல, புள்ள. வித்துட்டாரு போல" என்றாள். அப்போதுதான் ஒரு மீனின் முதுகுக்கு மேலே சிறு பொட்டு மட்டும் வேறு நிறத்தில் இருப்பதைப் பார்த்தேன். முதலாளி துளையை வெள்ளியால் அடைத்துவைத்திருந்தார். அந்த மீன் எந்தக் குழந்தை இடுப்பிலும் ஒருபோதும் தொங்கியதே இல்லை என்பது போல.

அம்மா நேராகக் கடைவீதி ஆசாரியிடம் போனாள். அவர் சிறு உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். அடைப்பு அப்படியே கழன்று விழுந்தது. அம்மா குழாயடியிலேயே புளியை எடுத்து, கை ஓயும்வரை மீனைத் தேய்த்தாள். பளபளவென்று மின்னியது. தம்பி நெளிய நெளிய, அவன் இடுப்பில் கட்டினாள்.

கழன்று விழுந்த அந்த வெள்ளிப் பொட்டை ஆசாரி ஊதித் தள்ளப் பார்த்தார். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த மீனில் முதலாளியுடையது என்று இருந்தது அது ஒன்றுதான். தீப்பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறேன். கறுக்கத் தொடங்கியிருக்கிறது. நான் அதைத் தேய்க்கவில்லை.